குரலா, ட்ரம்பெட்டா?

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்பது நம் ஏற்பாடு. மாடித் தோட்டம் பற்றிக் கேட்டோம். உயில் எழுதுவது பற்றிக் கேட்டோம். நான் பி.காம். படித்தவன், வேலை பார்த்த காலம் முழுவதும் வங்கியில் கிளார்க். அதனால் ஃபிக்ஸட் டெபாசிட், நாமினேஷன் என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளர் தலைப்பு கேட்டபோது "பேட்மேன் பாட்டு" என்றேன். ஒரு நிமிடம் போனில் சத்தமே இல்லை. "சார், வௌவால் மனிதன் பேட்மேனா?" என்று கேட்டார். அவரேதான்.

காரணம் இருக்கிறது. இந்தப் பாட்டால் என் வீட்டில் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டையில் நான் தோற்றேன். தோற்றதனால் எனக்கு ஒரு நன்மை நடந்தது. உங்களில் ஒருவருக்கு நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாட்டு.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்றால், என் பேரனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. பேட்மேன் வேஷம். மேடையில் ஏறும்போது பின்னணியில் போட அந்தப் பழைய டிவி தொடரின் பாட்டை அவன் அப்பா யூடியூபில் தேடி எடுத்தார். ஒரு வாரம் வீட்டில் காலை, மாலை அதேதான். ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "ட்ரம்பெட்டை எவ்வளவு அழகாப் பேச வச்சிருக்கான் பார், பேட்மேன்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்றேன். பேரன் சிரித்தான். "தாத்தா, அது ட்ரம்பெட் இல்ல. ஆளுங்க பாடறாங்க" என்றான். நான் விடவில்லை. அறுபத்தாறு வயதுக்காரன் எட்டு வயதுக்காரனிடம் தோற்கலாமா? "சினிமா பாட்டு எவ்வளவு கேட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா?" என்றேன். அவன் ஒரே ஒரு வாதம்தான் வைத்தான். "நடுவுல ஒரு 'ட்' இருக்கு தாத்தா. கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சண்டையில் ஜெயிப்பதற்காக அந்தப் பாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கணக்கு டாலி ஆகவில்லை என்றால் ராத்திரி எட்டு மணி ஆனாலும் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்த பழக்கம், போகுமா? படித்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜனவரி 12ஆம் தேதி 'பேட்மேன்' தொடர் ஆரம்பித்தது. 1968 மார்ச் 14 வரை மொத்தம் 120 பகுதிகள் ஓடின. முதல் இரண்டு பருவங்களிலும் பெரும்பாலும் புதன் ஒரு பகுதி, வியாழன் ஒரு பகுதி. புதன்கிழமை பேட்மேனையும் ராபினையும் வில்லன் ஏதாவது ஒரு பயங்கரத்தில் மாட்டி வைத்துவிடுவான். தப்பித்தார்களா என்று தெரிந்துகொள்ள மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். நம் ஊர் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரியேதான். பேட்மேனாக நடித்தவர் ஆடம் வெஸ்ட், ராபினாக பர்ட் வார்ட். தயாரிப்பாளர் வில்லியம் டோஸியர். இடையில் வர்ணனை சொல்லும் குரலும் அவருடையதே.

இந்தத் தொடரின் விசேஷம் என்னவென்றால், அது நகைச்சுவை. ஆனால் நடிப்பவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். எவ்வளவு அபத்தமான வசனமானாலும் ஆடம் வெஸ்ட் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். சிரிப்பது பார்ப்பவர்களின் வேலை. சண்டைக் காட்சியில் குத்து விழுந்தால், காமிக்ஸ் புத்தகத்தில் வருவது போல, அந்தச் சத்தத்தைப் பெரிய எழுத்தில் திரை முழுக்கக் காட்டுவார்கள். நம் பாஷையில் சொன்னால் 'டமார்', 'படீர்', 'தொப்' என்று எழுத்திலேயே அடி விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பாட்டை எழுதியவர் நீல் ஹெஃப்டி. 1922இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 2008இல் காலமானார். இளம் வயதில் வுடி ஹெர்மன் என்பவரின் ஜாஸ் குழுவில் வாசித்தவர். என்ன வாத்தியம் வாசித்தார் தெரியுமா? ட்ரம்பெட். இதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. பேரனைக் கூப்பிட்டு, "பார்த்தியா, ட்ரம்பெட்காரர்!" என்றேன். "எழுதினவர்தானே ட்ரம்பெட்?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

பிறகு ஹெஃப்டி வாசிப்பதை விட, மற்றவர்கள் வாசிப்பதற்காக இசையமைத்து எழுதித் தருவதில் பெயர் பெற்றார். கவுண்ட் பேஸி என்ற பெரிய ஜாஸ் மேதையின் குழுவுக்காக 1950களில் அவர் எழுதியவை இன்றும் உலகம் முழுவதும் வாசிக்கப்படுகின்றன. 'லில் டார்லின்' என்று ஒன்று இருக்கிறது. அவ்வளவு நிதானமாக, ஏகாதசி விரதம் முடித்தவர் நடப்பது போலப் போகும். கேட்டுப் பாருங்கள். ஒரு வாத்தியமும் இன்னொன்றை இடிக்காது.

அப்படிப்பட்ட மனிதர், பேட்மேனுக்கு முக்கியப் பாட்டு எழுத உட்கார்ந்தபோது திணறிவிட்டார். தன் வாழ்நாளில் வேறு எந்த ஒரு இசைக்கும் இவ்வளவு வியர்வை சிந்தியதில்லை என்றும், எழுதிய காகிதங்களை எவ்வளவோ கிழித்துப் போட்டதாகவும் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு! அதில் இருக்கும் சொல் ஒன்றே ஒன்று, கதாநாயகனின் பெயர். அதற்கு இவ்வளவு பாடா?

பாடுதான். நிறையத் தெரிந்தவருக்குக் குறைவாகச் செய்வது கஷ்டம். நாங்கள் வங்கியில் புதிதாகச் சேர்ந்தபோது, ஒரு மூத்த அதிகாரிக்குக் கடிதம் வரைந்து கொடுப்போம். இரண்டு பக்கம் இருக்கும். அவர் அதை நாலு வரியாக்கித் திருப்பித் தருவார். அந்த நாலு வரி எழுத அவருக்கு எவ்வளவு வருடம் ஆகியிருக்கும் என்பது எனக்கு ரிடையர் ஆகும்போதுதான் புரிந்தது.

இப்போது பாட்டின் கட்டுமானம். எனக்கு சங்கீத ஞானம் கிடையாது. என் மனைவி சிறு வயதில் முறையாகப் பாட்டுக் கற்றவள். அவளை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லி, அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் கிட்டார். குழந்தைகள் எல்லாரும் வாயால் 'ந' வரிசையில் பாடிக் காட்டுகிறார்களே, அது உண்மையில் கிட்டார் வாசிக்கும் பகுதி. மேல் ஸட்ஜத்தில் ஆரம்பித்து, ஒரு படி இறங்கி காகலி நிஷாதம், இன்னொரு படி இறங்கி கைசிகி நிஷாதம், மறுபடி காகலி நிஷாதம். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக எட்டுத் தட்டு. திரும்பவும் முதலிலிருந்து. "மூணு ஸ்வரத்துக்குள்ளயே முன்னும் பின்னும் நடக்கறது. யாரோ இருட்டுல சுவத்தை ஒட்டி நடக்கற மாதிரி இருக்கு" என்றாள் அவள். வௌவால் மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியா கடற்கரை இளைஞர்களிடம் பிரபலமாக இருந்த சர்ஃப் இசையின் கிட்டார் பாணியும், ஒற்றர் படங்களில் வரும் மர்ம இசையின் சாயலும் அதில் சேர்ந்திருக்கின்றன.

அடுத்தது அமைப்பு. இது பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட 'ப்ளூஸ்' என்ற வடிவம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தந்த வடிவம். அந்நாட்டு ஜாஸ், ராக் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கட்டத்துக்கு நான்கு அடி என்று கையால் தட்டி எண்ணலாம். முதல் நான்கு கட்டம் ஸட்ஜத்தில் நிற்கும். அடுத்த இரண்டு கட்டம் மத்யமத்துக்குப் போகும். இரண்டு கட்டம் மறுபடி ஸட்ஜத்துக்கு வரும். பிறகு ஒரு கட்டம் பஞ்சமம், ஒரு கட்டம் மத்யமம், கடைசி இரண்டு கட்டம் திரும்பவும் ஸட்ஜம். காலையில் தொடக்க இருப்பு, நடுவில் வரவு செலவு, சாயங்காலம் கணக்கு நேராகி வீட்டுக்குப் போவது. என்னைப் போன்றவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. காது எந்த இடத்தில் எதை எதிர்பார்க்கிறதோ அந்த இடத்தில் அது வரும். அதனால்தான் ஒரு தடவை கேட்ட குழந்தையும் பாடிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் குரல் வருகிறது. சண்டைக்கும் வந்துவிட்டோம்.

பேரன் சொன்னதே சரி. அது குரல்தான். எட்டுப் பேர் பாடியிருக்கிறார்கள். நான்கு பெண்கள், நான்கு ஆண்கள். பெண்கள் 'சொப்ரானோ' என்னும் உச்சஸ்தாயிக் குரல்காரர்கள். ஆண்கள் 'டெனர்' என்னும், ஆண்களில் மேல்ஸ்தாயிக் குரல்காரர்கள். கனத்த குரல் ஒன்றுகூடக் கிடையாது. ஏனென்றால் கீழ் ஸ்தாயி முழுவதையும் கிட்டார், பேஸ், தடித்த பித்தளை வாத்தியங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன. மேலே காலியாக இருக்கும் இடத்தில் இந்த எட்டுப் பேரும் நாயகன் பெயரைப் பத்துப் பதினோரு முறை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர், தனக்குக் கொடுத்த இசைத் தாளில் ஒரு குறும்பு செய்தாராம். பாட்டுப் புத்தகங்களில் 'சொற்களும் இசையும் இன்னார்' என்று போடுவது அங்கே வழக்கம். அவர் அதில் பன்மையை எடுத்துவிட்டு, 'சொல்லும் இசையும்: நீல் ஹெஃப்டி' என்று எழுதி வைத்தார். ஒரே சொல்தானே! அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால் வேலை தெரியாமல் ஓடிவிடும்.

அப்படியானால் நான் ஏன் அதை ட்ரம்பெட் என்று நினைத்தேன்? நான் மட்டும் அல்ல. அது வாத்திய ஒலி என்று நம்பியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். அதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதல் காரணம், அங்கே ட்ரம்பெட்டும் இருக்கிறது. குரலும் ட்ரம்பெட்டும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. சொப்ரானோ, டெனர் குரல்கள் எட்டுகிற ஸ்தாயியும் ட்ரம்பெட் எட்டுகிற ஸ்தாயியும் பெருமளவு ஒன்றேதான். பாலும் தண்ணீரும் மாதிரிக் கலந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், அந்தக் குரல்கள் செய்யும் வேலை. யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டில் குரல் என்ன செய்யும்? ராகத்தை இழுக்கும், அர்த்தத்தைச் சொல்லும், உருகும். இங்கே அது எதுவும் இல்லை. பெரிய ஜாஸ் குழுவில் பித்தளை வாத்தியக்காரர்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்து, இடையிடையே 'பாம்! பாம்!' என்று வெட்டி வெட்டி ஊதுவார்கள். அதே வேலையைத்தான் ஹெஃப்டி இந்த எட்டுக் குரல்களுக்கும் கொடுத்திருக்கிறார். ட்ரம்பெட்காரர் அல்லவா? குரலை ட்ரம்பெட்டாக எழுதியிருக்கிறார். நான் முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, திரையில் எழுத்தாக விழும் 'டமார்', 'படீர்'. இந்தப் பாட்டில் நாயகனின் பெயரே அப்படி ஒரு ஒலிக்குறிப்பாகிவிட்டது. பெயர் சொல்வது போலவும் இருக்கும், ஒரு குத்து விட்டது போலவும் இருக்கும். பாடுபவர்களும் ஆடம் வெஸ்ட்டைப் போலவே சிரிக்காமல், முழுச் சிரத்தையோடு பாடுகிறார்கள். ஒருவர் கொஞ்சம் கிண்டலாகப் பாடியிருந்தாலும் பாட்டு கெட்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பாட்டுக்காக ஹெஃப்டிக்கு 1967 விழாவில் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த வாத்திய இசைக்கான பிரிவில்! எட்டுப் பேர் தொண்டை கிழியப் பாடிய பாட்டுக்கு வாத்திய இசை விருது. ஆக, என் பக்கமும் அவ்வளவு மோசமில்லை என்று பேரனிடம் சொன்னேன். "சரி தாத்தா, பாதி மார்க்" என்றான்.

பாட்டும் நன்றாகவே ஓடியது. மார்கெட்ஸ் என்ற சர்ஃப் இசைக் குழு வாசித்த பதிப்பு 1966இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 17ஆம் இடத்துக்கும், ஹெஃப்டியின் சொந்தப் பதிப்பு 35ஆம் இடத்துக்கும் வந்தன. அதே ஆண்டில் லண்டனில் 'தி ஹூ' குழு அதைப் பாடிப் பதிவு செய்தது. 1977இல் 'தி ஜாம்' குழு தங்கள் முதல் ஆல்பத்திலேயே அதைச் சேர்த்தது. ஒரே சொல்லுள்ள பாட்டுக்கு இவ்வளவு வாரிசுகள்.

மூன்றாவது காரணம் இருக்கிறது என்றேன். அது பாட்டில் இல்லை. என்னிடம் இருந்தது.

படித்து முடித்து, குரல்தான் என்று தெரிந்த பிறகும், ஹெட்போன் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் என்று தெரிந்து கேட்டும் அந்த 'ட்' எனக்குக் கேட்கவே இல்லை. என் மனைவிக்குக் கேட்டது. என் மகனுக்குக் கேட்டது. பால்கார அம்மா உள்ளே வந்தபோது அவருக்கும் போட்டுக் காட்டினேன். "பேட்மேன்னு கத்துறாங்க, இதுல என்ன சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறு வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். காதுக்குள் அழுக்கு அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கேட்புத் திறன் பரிசோதனைக்கு அனுப்பினார். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன். மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் கனத்த ஒலிகள், பிறகு கீச்சென்ற ஒலிகள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை சோதித்தார்கள். முதலில் டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நிற்கவில்லை. சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

பரிசோதகர் வரைபடத்தைக் காட்டினார். இடது பக்கம் சமமாக வந்த கோடு, வலது பக்கம் போகப் போக மலைச்சரிவு மாதிரி இறங்கியிருந்தது. வயதாகும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகுமாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்களில் உச்ச ஒலிகளைப் பிடிப்பவை முதலில் போகும். போனால் திரும்ப வளராது. வலி கிடையாது, அறிகுறி கிடையாது. கேட்காத சத்தம் கேட்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

அவர் விளக்கியதை நம் தமிழ் இலக்கணத்தில் சொன்னால் ரொம்ப எளிது. உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் கீழ்ப்பகுதி ஒலிகளில் இருக்கிறது. ச், ட், த், க் போன்ற மெய்யெழுத்துக்களை அடையாளம் காட்டுவது மேல்பகுதி ஒலிகள். அதுவும் ஒரு கணம் வந்து போய்விடும். ஆக, என் காதில் உயிர் விழுகிறது, மெய் விழவில்லை. ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், சத்தமும் போதும். ஆனால் என்ன சொன்னார் என்பது பிசகும். பிசகிய இடத்தை மனசு தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வவுச்சர் இல்லாத இடத்தில் சஸ்பென்ஸ் கணக்கு போட்டு நிரப்புவது மாதிரி. எட்டுக் குரல்களிலிருந்து 'ட்' போய்விட்டால் மிச்சம் என்ன? ஊதுகிற சத்தம். அதுதான் என் ட்ரம்பெட்.

இப்போது மன்னிப்பு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த பொதுக்குழு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போதைய பொருளாளர் மேடம் செலவுக் கணக்கு வாசித்தார். "சம்ப் சுத்தம் செய்த வகையில்" என்று ஒரு தொகை. என் காதில் விழுந்தது "பம்ப்". பம்ப்புக்குத்தான் போன மாதமே செலவு காட்டியாகிவிட்டதே, மறுபடி எப்படி என்று எழுந்தேன். அவர் "சம்ப் சார்" என்றார். "பம்ப்தான், அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றேன். மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் எனக்கு பம்ப். முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், அந்த ஒன்றுதான் என் காதில் விழாத எழுத்து. "நான் வங்கியில் இருந்தவன், ஒரே செலவை இரண்டு தடவை எழுதுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்" என்றுகூடச் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னேன், மறுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். மேடம் முகம் சிவந்துபோய் உட்கார்ந்தார். அடுத்த வருடம் எந்தப் பொறுப்புக்கும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நாலாவது பக்கத்தில் தெளிவாக 'சம்ப்' என்று அச்சாகியிருந்தது. ரசீது எண்ணோடு. எந்தத் தவறும் இல்லாத கணக்கு. வேலையில் இருந்த காலத்தில், மூலப் பதிவைப் பார்க்காமல் ஒருவர் மேல் குறை சொல்லக்கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று நான் பார்க்கவில்லை.

மேடம் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடம், அன்று நான் பேசியது தவறு. கணக்கு சரி, என் காது தவறு. காது தவறு என்பது மட்டும் சாக்கு ஆகாது. மூன்று தடவை ஒருவர் சொல்லியும், நம் பக்கம் தப்பிருக்குமோ என்று யோசிக்காதது காதின் குற்றம் அல்ல. தனியாக வந்து சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். பேசியது எல்லார் முன்னாலும், அதனால் மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வார்த்தைகள் நம் இதழிலும் அச்சாக வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சிலரும் இருக்கிறீர்கள். வாசலில் காவலாளி தம்பி கூப்பிட்டும் திரும்பாமல் போனேன். லிஃப்டில் ஏதோ கேட்டதற்குச் சிரித்துவிட்டு மட்டும் இறங்கினேன். தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். வீட்டிலும் ஒன்று நடந்திருக்கிறது. பேரன் பள்ளியில் நடப்பதையெல்லாம் முன்பு என்னிடம் வந்து கொட்டுவான். எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை. "தாத்தாகிட்ட ஒண்ணு சொன்னா வேற ஒண்ணுக்குப் பதில் சொல்வார்" என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். அது எனக்கு அந்த வரைபடத்தை விட அதிகமாக வலித்தது.

இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், கழற்றி மேஜையில் வைத்துவிடாதீர்கள் என்று பரிசோதகர் சொன்னதால் பொறுத்துக்கொண்டேன்.

கருவி போட்ட நாலாவது நாள் அந்தப் பாட்டைப் போட்டேன். கிட்டார் இருட்டில் நடந்து வந்தது. பிறகு, நடுவில், சின்னதாக, பல்லுக்குப் பின்னால் நாக்கு தட்டி விலகும் அந்த 'ட்'. மறுபடி போட்டேன். மறுபடி இருந்தது. கொஞ்சம் கவனித்தால் மேலே பெண்கள், கீழே ஆண்கள் என்று பிரித்துக்கூடக் கேட்க முடிந்தது. எங்கேயோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு மனிதர்கள் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் அவர்களை நான் பித்தளைக் குழாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேரனைக் கூப்பிட்டு, "கேட்டுது" என்றேன். "முழு மார்க் குடுக்கவா?" என்றான். வேண்டாம், ஸ்கூலில் இன்று என்ன நடந்தது என்று சொல் என்றேன். முக்கால் மணி நேரம் சொன்னான்.

நம் குடியிருப்பில் அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சர்க்கரை பார்க்கிறோம், ரத்த அழுத்தம் பார்க்கிறோம், கண்ணாடியின் பவரை மாற்றிக்கொள்கிறோம். காதை மட்டும் விட்டுவிடுகிறோம். கண்ணாடி போட்டால் படித்தவர், காதில் கருவி போட்டால் கிழவர் என்று ஒரு எண்ணம். டிவி சத்தத்தை நீங்கள் கூட்டும்போது வீட்டில் மற்றவர்கள் குறைக்கிறார்களா? எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றுகிறதா? கல்யாண வீட்டில் பேச்சுப் புரியாமல் சிரித்துச் சமாளிக்கிறீர்களா? ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். எனக்கு அரை மணி நேரத்தில் பரிசோதனை முடிந்துவிட்டது.

நம் சங்கத்தின் சார்பில் ஒரு காது பரிசோதனை முகாம் நடத்த முடியுமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். அதற்கான வரவு செலவைப் பார்த்துக்கொள்ள, கணக்கில் தவறே செய்யாத ஒருவர் வேண்டும். மூன்றாவது வரிசையைப் பார்த்து இந்த வேண்டுகோளை வைக்கிறேன்.

இப்போது என் பேரன் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடப் போகிறான். ஒரு நிமிடம்கூட ஆகாது. சுண்டல் அதற்குப் பிறகுதான். நடுவில் அந்த 'ட்' வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஒலிபெருக்கியில் கேட்பது பரிசோதனை ஆகாது, தெரியும். ஆனாலும் சந்தேகம் வந்தவர்கள் நாளைக் காலை நடைப்பயிற்சியில் என்னிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மருத்துவரிடம் சேர்ந்தே போகலாம்.